நிறுவனத்தில் லஞ்சத்தைத் தடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

எந்த நிறுவனத்தின் கணக்கேட்டிலும் லஞ்சம் அதன் சொந்தப் பெயரில் எழுதப்படுவதில்லை. 'ஆலோசனைக் கட்டணம்', 'கமிஷன்', 'இதர செலவுகள்' என்ற தலைப்புகளில்தான் அது ஒளிந்திருக்கும். ஆகவே, கொள்கை அறிக்கை எழுதி மாட்டுவதற்கு முன்னால், பணம் வெளியேறும் வழிகளைப் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படி 1: ஆபத்தான இடங்களைக் குறியுங்கள்

உரிமம் பெறுதல், சுங்க அனுமதி, டெண்டர், கொள்முதல் ஆகியவற்றில் உங்கள் ஊழியர் யாரைச் சந்திக்கிறார், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சப்ளையரிடம் நம் ஊழியரே கமிஷன் வாங்குவதும் ஊழல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: இடைத்தரகர்களை ஆராயுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பல நாடுகள் உறுப்பினராக உள்ள பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD), வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுக்கப்பட்ட 427 வழக்குகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நான்கில் மூன்று வழக்குகளில் பணம் இடைத்தரகர் வழியாகவே சென்றிருந்தது. முகவரின் உண்மையான உரிமையாளர் யார், அவருக்கு அந்தத் தொழிலில் அனுபவம் உண்டா, முடிவெடுக்கும் அதிகாரிக்கு அவர் உறவினரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். 'ஆலோசனைச் சேவை' என்று ஒரே வரி. வேலை நடந்த தேதிகள் இல்லை, அறிக்கை இணைக்கப்படவில்லை, தொகை சில்லறை இல்லாத ரவுண்டு எண்ணாக இருக்கிறது, பணத்தை வேறொரு நாட்டில் வேறொருவர் பெயரிலுள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்கிறது. இதற்குப் பணம் கொடுக்காமல் நிறுத்திவைத்து, என்ன வேலை நடந்தது என்பதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள்.

படி 3: ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள்

சப்ளையரைத் தேர்ந்தெடுப்பவர், பில்லை ஒப்புக்கொள்பவர், பணம் அனுப்புபவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். ஆள் குறைவான நிறுவனத்தில் குறைந்தது இருவர் கையெழுத்தாவது வேண்டும்.

படி 4: அன்பளிப்புக்கும் 'சிறு தொகைக்கும்' விதி எழுதுங்கள்

கொடுத்தது, வாங்கியது இரண்டையும் பதிவேட்டில் எழுதுங்கள். ரொக்கம் கூடவே கூடாது. வேலையைச் சற்று விரைவுபடுத்த அதிகாரிக்குக் கொடுக்கும் சிறு தொகைக்கு அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் குறுகிய விலக்கு அளித்தாலும், பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் அதையும் லஞ்சமாகவே கருதுகிறது. அதே சட்டத்தின்படி, நிறுவனத்துக்காக ஒருவர் லஞ்சம் கொடுத்தால், போதுமான தடுப்பு நடைமுறைகள் இருந்தன என்று காட்டுவதே நிறுவனத்துக்கான தற்காப்பு. ஆகவே பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படி 5: புகாருக்கு வழி திறந்து வையுங்கள்

கணக்குப் பிரிவில் இருக்கும் இளம் ஊழியருக்குத்தான் அந்த ஒற்றை வரி பில் முதலில் கண்ணில் படும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவர் பேசாமல் இருந்தால் மற்ற எல்லாப் படிகளும் வீண். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், பழிவாங்கல் இருக்காது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். மேலாளர் மீதோ உரிமையாளர் மீதோ புகார் வந்தால் அது அவர்கள் கைக்கே போய்விடாதபடி, நிறுவனத்துக்கு வெளியே உள்ள தணிக்கையாளர் ஒருவரின் முகவரியையும் அதே அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.