பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் செய்கிற தவறுகள் (எல்லாம் நானே செய்தவைதான்)

தக்கலைக்குப் பக்கத்தில் ஊர் என்று சொன்னதுமே வெளியூர் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "அரண்மனைக்கு எப்போ கூட்டிட்டுப் போவே?" திருவிதாங்கூர் ராஜாக்களின் அந்தப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு மட்டும் இருபது தடவையாவது ஆள் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அது போதாதென்று கல்குளம், விளவங்கோடு பக்கத்து நாலுகட்டு வீடுகள் (நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டியவை), நெல் வைக்கும் மர அறையோடு கட்டிய அறைப்புரை வீடுகள், வடிவீஸ்வரம் அக்ரஹாரத்துத் திண்ணைகள் என்று பழைய வீடு எங்கே இருந்தாலும் போய் எட்டிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. அதில் பார்த்த தவறுகளைத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை போகாதீர்கள். சிரிக்க வேண்டாம், வாரக்கடைசியில் கன்னியாகுமரி வந்து சூரிய உதயம் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போற வழியில அரண்மனை" என்று திட்டம் போட்டு, திங்கள் காலை பூட்டிய வாசலில் நிற்கிற குடும்பங்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. மத்தியானம் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை அடைப்பு வேறு. பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் பார்த்த மாதிரியும் இருக்காது, பார்க்காத மாதிரியும் இருக்காது. காலை ஒன்பதுக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், பள்ளிக்கூட பஸ்கள் வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அந்த ஒரு மணி நேரத்தை ஓடியே தீர்ப்பதுதான் அடுத்த தவறு. வெயிலிலிருந்து உள்ளே வருகிறவர்கள் "ஐயோ, இருட்டா இருக்கே" என்று சொல்லி போனை எடுத்து ஃப்ளாஷ் போடுவார்கள். இரண்டு நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும், அதற்கு அப்புறம்தான் வீடு தெரியத் தொடங்கும். முதலில் வருகிற பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்திலேயே அண்ணாந்து பாருங்கள்: கூரையின் மரத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நான் எண்ணத் தொடங்கி முப்பதைத் தாண்டியதில்லை, அதற்குள் கழுத்து வலித்துவிடும். மேலே, ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வண்ண மைக்காத் தகடுகள். சாய்த்து அடித்த மரச்சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் வடிகட்டித்தான் வரும், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. ஃப்ளாஷ் போட்டால் இது எல்லாம் போச்சு.

தரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கறுப்புக் கண்ணாடி மாதிரி மின்னும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் குனிந்து தொட்டுப் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் கொத்தனாரைக் கூப்பிட்டு "எத்தனை முட்டை வேணும்?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. தரையின் ரகசியத்தில் பாதி முட்டையில் இருந்தால் மீதி நாள் கணக்கில் தேய்த்த கையில் இருக்கிறது, பிறகு பல தலைமுறையாக அதன்மேல் நடந்த வெறுங்காலில் இருக்கிறது. இப்போதும் செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வது அதனால்தான். அப்புறம் 64 வகை மூலிகை மரத்தில் செய்த கட்டில், டச்சு வணிகர்கள் கொடுத்தது என்று சொல்லும் கதை. அங்கே நெரிசல் எப்போதும் உண்டு, நான் சீக்கிரம் நகர்ந்துவிடுவேன்.

நகர்ந்து போகிற இடம் தாய்க்கொட்டாரம், அதாவது தாய் அரண்மனை. இருக்கிற கட்டடங்களிலேயே பழையது அதுதான். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1750-ஐ ஒட்டி மற்றதையெல்லாம் பெரிதாக்கிக் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பெரும்பாலானவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டு, 2000 பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரையைப் பார்த்து வாய்பிளக்கப் போய்விடுகிறார்கள். என் கணக்கில் அந்த நாள் பயணத்தின் மிகப் பெரிய தவறு இதுதான். ஏனென்றால் தாய்க்கொட்டாரம் ராஜா வீடு என்பதற்கு முன்னால் ஒரு வீடு: நடுவில் முற்றம், சுற்றி நான்கு பக்கமும் கட்டு, ஓர் ஓரத்தில் ஒற்றைப் பலாமரத்தடியில் கடைந்தெடுத்த தூணோடு ஏகாந்த மண்டபம். இதை நின்று பார்த்து மனசில் வாங்கிக்கொண்டால், திருவட்டாறு பக்கமோ குலசேகரம் பக்கமோ ஒரு சாதாரண நாலுகட்டுக்குள் நுழையும்போது உங்களுக்கு வழி தெரியும். பார்க்காவிட்டால் அது ஏதோ பழைய ஓட்டு வீடு, அவ்வளவுதான்.

பெயர் வைப்பதிலும் அவசரம். பாதிப் பேருக்கு இது "கேரளா ஸ்டைல்", மீதிப் பேருக்கு "செட்டிநாடு மாதிரி". 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, ஒரே தச்சு முறை, ஒரே மழை. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை (இதைச் சொன்னால் டிக்கெட் வரிசையிலேயே சண்டை பிடிக்க ஆள் உண்டு). செட்டிநாடு வேறு கதை: காய்ந்த சீமை, வியாபாரத்தில் வந்த பணம், பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல். இங்கே எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் கொட்டும், ஐப்பசி மழையும் கொட்டும், மரம் புறவாசலிலேயே வளரும். அயனி, பலா, தேக்கு. அதனால்தான் கூரை இவ்வளவு செங்குத்து, இறவாணம் (கூரையின் வெளியே நீளும் ஓரம்) இவ்வளவு தாழ்வு. சாரல் மரச்சுவரைத் தொடக்கூடாது. வாசல் நிலை தாழ்வாக இருப்பது பணிவு கற்றுக்கொடுக்க என்று அழகாகச் சொல்வார்கள், எனக்கென்னவோ அதில் மழைக்கும் பெரிய பங்கு உண்டு என்றுதான் படுகிறது.

பணிவு கற்காமல் நான் இடித்துக்கொண்டது குலசேகரம் பக்கத்து ஓர் அறைப்புரை வீட்டில். வாசலில் கிண்டியில் (மூக்கு வைத்த செம்பு) தண்ணீர் வைத்திருந்தார் அந்த வீட்டுப் பாட்டி. "காலக் கழுவிட்டுக் கேறி வா மக்ளே" என்றார், நான் முகப்பின் கழுக்கோலை (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரச்சட்டம்) அண்ணாந்து பார்த்துக்கொண்டே நுழைந்ததில் நிலையில் நெற்றி பட்டு 'டங்'. பாட்டி பதறவே இல்லை. "எல்லாவனும் மொதத் தடவ முட்டத்தான் செய்வான்" என்றார். உள்ளே நெல் அறையின் முன்பக்கம் முழுக்க நிரைப்பலகை. ஒன்றன்மேல் ஒன்றாகத் தவாளிப்பில் (மரத்தில் வெட்டிய நீளப் பள்ளம்) இறக்கியவை, ஆணி கிடையாது. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் உளியால் கீறின கோடுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழிருந்து மேலே. எந்தப் பலகை எங்கே போக வேண்டும் என்று ஆசாரி போட்டு வைத்த கணக்கு. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அது கண்ணில் படும், நேராக அடித்தால் வெறும் மரம்.

அன்றைக்கு நான் செய்த தப்பை இன்னும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. படம் எடுக்கலாமா என்று கேட்டேன், பாட்டி சரி என்றார். ஆனால் ஊர்ப் பெயரோடு இணையத்தில் போடலாமா என்று கேட்கவில்லை. போட்டேன். ஒரு மாதத்துக்குள் பழைய மரம் வாங்குகிற இரண்டு பேர் காரில் வந்து, தூண் என்ன விலை, அறையை அப்படியே கழற்றித் தந்தால் என்ன விலை என்று பாட்டியைக் குடைந்திருக்கிறார்கள். ஆணி இல்லாமல் கோத்த வீடு என்றால் அழகு மட்டுமில்லை, கழற்றிக் கொண்டுபோகவும் வசதி. சென்னைக்குப் பக்கம் முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்ராவில் கேரளத்து வீடுகளையே கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள், அது நல்ல காரியம், பார்க்க வேண்டியது. ஆனால் பாட்டி வீட்டுத் தூண் ஏதோ ஒரு ரிசார்ட் வாசலில் நிற்பதற்கு நான் வழிகாட்டியிருப்பேன். ஆகவே: ஆள் குடியிருக்கிற வீடு என்றால் ஊர், தெரு, முகப்பு அடையாளம் எதுவும் போடாதீர்கள். விலை கேட்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. படுக்கையறை, பூஜையறை, அடுக்களை, இவற்றுக்குள் அவர்களாகக் கூப்பிட்டால் ஒழிய தலை நீட்டாதீர்கள்.

இன்னொன்று, உபதேசம். "இதை மட்டும் இடிச்சிராதீங்க பாட்டி" என்று நானும் சொல்லியிருக்கிறேன். பாட்டி என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்: கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி, தென்னைக்கு அப்பால். ராத்திரி மழையில் குடை பிடித்துக்கொண்டு அங்கே நடக்க வேண்டியது அவர், நான் இல்லை. ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி, கழுக்கோலில் கறையான், பிள்ளைகள் வளைகுடாவில். இதெல்லாம் தெரியாமல் பாரம்பரியம் பேசுவது ரொம்ப சுலபம்.

பார்த்துவிட்டு வந்து ஐந்து சென்ட் கான்கிரீட் வீட்டில் நடுமுற்றம் வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முற்றத்தின் வேலை சூடான காற்றை மேலே விடுவது. மழைக்கும் கொசுவுக்கும் பயந்து மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் அது முற்றம் இல்லை, அடுப்பு. நண்பன் வீட்டில் இரண்டு வருஷமாக அதன்கீழ் துணிதான் காய்கிறது.

அதற்குப் பதில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் திருவனந்தபுரம். பழையதுதான் பார்க்கத் தகுந்தது என்று நினைப்பதும் ஒரு தவறுதான். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் அங்கே பூசாத செங்கலில் கட்டிய வீடுகள் ஏராளம். செங்கலைப் படுக்க வைக்காமல் அதன் நீள விளிம்பில் நிறுத்தி நடுவில் காற்றுக்கு இடம் விட்டிருப்பார், கல்லும் மிச்சம், வெயிலும் உள்ளே சீக்கிரம் இறங்காது. வீடுகளுக்குள் விடமாட்டார்கள், பரவாயில்லை, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்தால் போதும். படியே இல்லாமல் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற சாய்தளம், சுவர் முழுக்கக் காற்று வருகிற ஓட்டைகள். ஒரு மசாலா தோசை சொல்லிவிட்டு ஓட்டைகளின் நிழல் மேஜையில் நகர்வதைப் பாருங்கள்.

கடைசியாக, வெயில் காலத்தில் மட்டும் போகாதீர்கள். இந்த வீடுகள் மழைக்குக் கட்டியவை, மழையில் பார்க்காமல் எப்படி? முற்றத்தில் நாலு பக்க ஓட்டிலிருந்தும் திரையாக விழும், திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு துளி மேலே படாது. போன வாரம் பாட்டி போனில், "ஓடு மாத்த ஆளு சொல்லியிருக்கு, மழைக்கு முன்ன வந்து பாத்துட்டுப் போ மக்ளே" என்றார். மழை பிடித்த பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும், கேமரா வீட்டிலேயே இருக்கட்டும்.