தர்மபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குக் கூடாரத்தோடு குடும்பமாகப் போகிறீர்களா?

முதலில் தார்ப்பாய். கூடாரத்துக்கு அடியில் விரிப்பது அதன் தரையைவிட ஒரு சாண் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே பிடித்து அடியில் சேர்த்துவிடும், ராத்திரி படுக்கை நனையும். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. நான்கு பேருக்கு என்று விற்கும் கூடாரத்தில் பைகளோடு மூன்று பேர்தான் நிம்மதியாகப் படுக்க முடியும். கிளம்புமுன் மொட்டை மாடியில் ஒருமுறை கட்டிப் பாருங்கள். முளைக்குச்சி குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தர்மபுரியில் வியர்க்கிறதே என்று கம்பளியை விட்டுப் போகாதீர்கள். மேலே மார்கழிக் குளிர் வேறு ரகம். குளிர் கீழிருந்துதான் ஏறும், அதனால் போர்த்துவதைவிட அடியில் போடும் பாயும் ஜமுக்காளமும் முக்கியம்.

அப்புறம் தண்ணீர். இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் கணக்கில், குடிக்கவும் சமைக்கவும் கேனில் கொண்டுபோய்விடுங்கள்.

டார்ச் ஆளுக்கு ஒன்று, நைலான் கயிறு, கத்தி, தீப்பெட்டி, வழக்கமான மருந்துகள். இவ்வளவு போதும், மடக்கு நாற்காலியெல்லாம் வீண் சுமை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் யானை நடமாட்டம் உண்டு. அங்கே கூடாரமே வேண்டாம், அறை எடுத்துத் தங்குங்கள்.