மலைப் பள்ளியில் வேளாண் பாடம்: பயிற்சிக்குப் போகுமுன் பயிற்சி ஆசிரியர் செய்ய வேண்டியவை

இரண்டாண்டு பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி 16 வாரம். வேளாண்மை எடுப்பவர் அதை 112 நாள் என்று எண்ணிக்கொள்வது நல்லது. பாடக்குறிப்பை எழுதி முடித்துவிட்டு விதை வாங்கப் போகிறவர் நிறைய. மலையில் அந்த வரிசை சரிப்படாது. முதலில் நாள்காட்டி, பிறகு பாத்தி, கடைசியில் பாடக்குறிப்பு.

நீலகிரியின் மேல்மலையில் உருளைக்கிழங்குக்குச் சுமார் 120 நாள் ஆகும். கேரட்டுக்கு 100 முதல் 120 நாள். பூண்டு இன்னும் கொஞ்சம் இழுக்கும். முதல் நாளே விதைத்தாலும் உருளையும் பூண்டும் பயிற்சி முடிந்த பிறகே அறுவடைக்கு வரும், கேரட் கடைசி இரண்டு வாரத்தில் வந்தால் உண்டு. முள்ளங்கி ஐம்பது நாளுக்கு முன்பின், செடி பீன்ஸ் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். ஆகவே விதைப்பு முதல் விற்பனை வரை காட்ட முள்ளங்கியும் பீன்ஸும், களைதல், மண் அணைத்தல், நோய் பார்த்தல் ஆகியவற்றுக்குக் கேரட்டும் உருளையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சில: செய்முறைக்கு இரட்டைப் பாடவேளை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மண்வெட்டியும் கொத்தும் எத்தனை, வேலி நிற்கிறதா. கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமை ஒரு ராத்திரி உள்ளே வந்தால் போதும், பாத்தி மிஞ்சாது. உருளை போட்டால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் தேடி வரும்.

இருபது மாணவருக்கு நான்கு பாத்தி போதும். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இரு பக்கமிருந்தும் கை நடுப்பாத்தியை எட்ட வேண்டும் என்பதால்தான் இந்த அகலம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். நெடுக்கே போட்டால் ஒரே மழையில் மேல்மண் கீழ்ப்பாதைக்கு வந்துவிடும். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை, கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் நல்ல மழை. ஒரே மாவட்டம் என்று நம்பி ஒரு பள்ளியின் அட்டவணையை அப்படியே இன்னொன்றில் எடுத்து வைக்க முடியாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதால் மேட்டுப் பாத்தி பிழைத்து, பள்ளத்துப் பாத்தி கருகிப்போகும்.

மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர நேர்ந்தால் உருளைத் தோட்டத்து மண்ணைத் தொடவே தொடாதீர்கள். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டி ஊர் மாறும். தோட்டப் பார்வைக்கு மாணவரை அழைத்துப் போனால் திரும்பும்போது செருப்பைக் கழுவ வையுங்கள். அதுவே ஒரு பாடம்தான்.

முதல் செய்முறையாக மண் எடுத்தலை வைக்கலாம். மேல்குப்பையை ஒதுக்கி, V வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச்சுவரிலிருந்து சீராக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறையுங்கள். படிமட்டத் தோட்டமானால் மேல்மட்டத்து மண்ணையும் கீழ்மட்டத்து மண்ணையும் கலக்கக் கூடாது. காய வைப்பது நிழலில்.

அமிலத்தன்மை பார்க்க 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர். கலக்கி அரை மணி நேரம் விட்டுத் தெளிந்த நீரில் பி.எச். தாளை நனையுங்கள். கலங்கிய நீரில் நனைத்தால் செம்மண் நிறம் தாளில் ஏறித் தப்பாகக் காட்டும். இந்த மலை மண் பெரும்பாலும் 5ஐ ஒட்டியே நிற்கும். தேயிலைக்கு அது ஏற்றது, கேரட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பை விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும் என்பதால், மண் பார்க்கும் வேலை பயிற்சி தொடங்குமுன் உங்கள் கையால் ஒருமுறை முடிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கற்பித்தல் திறனையும் தனித்தனியே சில நிமிடம் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில், செய்துகாட்டும் திறனுக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி பொருத்தமானது. ஈர மலையில் உருளைக்குப் பின்பருவ இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் எப்படியும் வரும், அதற்குத் தெளிப்பது இதுதான். ஒரு சத வீதக் கலவை ஒரு லிட்டருக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம் அரை லிட்டர் நீரில், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம் அரை லிட்டர் நீரில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும், இரும்பு கூடாது. பளபளப்பான ஆணியை நனைத்து எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். பெரும்பாலும் காற்றுப்பட்டு நீறிப்போன பழைய சுண்ணாம்புதான் காரணம். சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும், அந்த வேலையை மாணவரிடம் விடாதீர்கள். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் உருளை, கேரட் போடுகிறவர்களாக இருப்பார்கள். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று பயிர்ப் பருவங்களுக்கு அவர்கள் சொல்லும் சொற்களைப் பாடக்குறிப்பில் அப்படியே எழுதுங்கள். பாடநூலில் நெல் வருகிற இடத்தில் மேட்டுப்பாளையம் மண்டியின் உருளை ஏலக் கணக்கை வைத்தால் விளைச்சலும் செலவும் லாபமும் தானாக விளங்கும். கேரட் ஏன் கவட்டையாக வளர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். மக்காத சாணம், கல், கட்டி என்று மூன்று காரணமும் மாணவரிடமிருந்தே வரும். நீங்கள் சேர்க்க வேண்டியது வேர்நுனி தடைப்பட்டால் என்ன ஆகிறது என்பதை மட்டும்.

கடைசி வாரம் பாத்தி வாரியாக விதைத்த நாள், ரகம், இட்ட உரம், எடுக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். கேரட்டை எடுக்கப்போகும் மாணவரின் பெயரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.