டீசல் பிக்கப்: டார்க் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஹெவி டியூட்டி பிக்கப்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை எண்தான் முதலில் வரும். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின், ஹை அவுட்புட் வடிவில், 1,200 பவுண்டு-அடி. ராமில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் 1,075. ஜிஎம்மின் 6.6 லிட்டர் டூராமேக்ஸ் 975. அதோடு தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இந்த எண் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டில் கிடைப்பது. டிரெய்லரை இழுப்பதோ சக்கரம். இடையில் இருப்பதை விட்டுவிட்டு ஒப்பிட்டால் தவறான வண்டியைத்தான் வாங்குவோம்.

அலகைக் கவனிக்காமல் விடுவது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடக்கிறது. டூராமேக்ஸின் 975 பவுண்டு-அடி என்பது 1,322 நியூட்டன் மீட்டர். இதை ஃபோர்டின் 1,200-க்குப் பக்கத்தில் வைத்தால் டூராமேக்ஸ் ஜெயித்த மாதிரி இருக்கும். பவுண்டு-அடியை 1.356-ஆல் பெருக்கிவிட்டுப் பேசுங்கள்.

பெரிய தவறு, அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வருகிறது என்று பார்க்காதது. ஃபோர்டின் 1,200 வருவது 1,600 ஆர்பிஎம்மில். கம்மின்ஸின் 1,075 வருவது 1,800-ல். பவுண்டு-அடியில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் ஹார்ஸ்பவர். ஃபோர்டுக்கு 366, கம்மின்ஸுக்கு 368! அதாவது, உச்ச டார்க் புள்ளியில் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். 125 பவுண்டு-அடி வித்தியாசம் அங்கே காணாமல் போகிறது. ஃபோர்டு நிஜமாகவே முந்துவது அதற்கு மேலேதான். 2,600 ஆர்பிஎம்மில் அது 500 ஹார்ஸ்பவர் தருகிறது. 2025 கம்மின்ஸ் 2,800-ல் 430. நீண்ட ஏற்றத்தில் வேகம் குறையாமல் ஏறுவதற்கு இந்த வித்தியாசம்தான் உதவும்.

அப்புறம் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண். ஒரே கம்மின்ஸ் எஞ்சின்தான், ஆனால் 3.42-க்குப் பதில் 4.10 ஆக்ஸில் போட்டால், அதே கியரில் சக்கரத்துக்குச் சுமார் 20 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். ஃபோர்டுக்கும் கம்மின்ஸுக்கும் உள்ள டார்க் வித்தியாசமே 12 சதவீதத்துக்குள்தான். கியர்பாக்ஸும் எண்ணை மாற்றும். இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸில் அதே 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. விளம்பரத்தில் 500-ஐப் பார்த்துவிட்டு மேனுவலை புக் செய்துவிடாதீர்கள்.

நீள ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) இருந்தால்தான் டார்க் வரும் என்ற நம்பிக்கையும் விடாமல் ஓடுகிறது. கம்மின்ஸின் ஸ்ட்ரோக் 124 மி.மீ., பவர் ஸ்ட்ரோக்கினுடையது 108. கூடுதல் டார்க் தருவது குட்டை ஸ்ட்ரோக் எஞ்சின்தான். கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, டர்போ தள்ளும் காற்றும் அதற்கேற்ற டீசலும் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தமே டார்க்கைத் தீர்மானிக்கிறது.

வண்டியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில், சக்கரத்தில் அளந்த எண்ணை, கம்பெனி சொல்லும் எண்ணோடு சேர்த்து ஒப்பிடவே கூடாது. கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் கொஞ்சம் சக்தி போய்விடும்.

சரி, எதைப் பார்ப்பது? ஆர்பிஎம் வாரியான டார்க் வரைபடம், கியர் விகிதம், ஆக்ஸில் விகிதம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இழுவைத் திறனுக்கு வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ-யின் ஜே2807 முறையில் சோதித்த எண்ணா என்று கேளுங்கள். அந்தச் சோதனையில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், வெயிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமையோடு குறைந்தபட்ச வேகத்தைத் தக்கவைத்து ஏறியாக வேண்டும்.