உளவியலில் பிஎச்.டி. செய்யப் போகிறீர்களா? முதலில் கேள்வியையும் கைடையும் தேடுங்கள்

உளவியலில் பிஎச்.டி. பண்ணலாம் என்று இருக்கிறேன், எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு தொடங்குகிறது. அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நான்கு வருடமோ ஆறு வருடமோ எந்தக் கேள்வியோடு உட்காரப் போகிறீர்கள், யாருக்குக் கீழே உட்காரப் போகிறீர்கள் என்ற இரண்டும் தெளிவானால் எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் பெயரைப் பார்த்துச் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் கழித்து கைடை, அதாவது ஆய்வு வழிகாட்டியை, மாற்ற வேண்டி வந்தது, அதுவரை சேர்த்த தரவில் பாதி பழைய ஆய்வகத்தோடு நின்றுபோனது. அதனால் கைடு பற்றிய பகுதி மட்டும் கீழே நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டம் தேவைதானா

மனநல ஆலோசகராக வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால், பல நாடுகளில் முனைவர் பட்டம் இல்லாமலே அது முடியும். முதுகலை, மேற்பார்வையில் பெற்ற பயிற்சி, உரிமம், இவை போதும். நீங்கள் வேலை செய்ய நினைக்கும் நாட்டில் உரிமம் தரும் அமைப்பு எது, அது என்ன கேட்கிறது என்று விதிமுறையை எடுத்து நீங்களே ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள், யாரோ சொன்னதை நம்பிப் போகாதீர்கள். சமூக உளவியலிலோ அறிதல் உளவியலிலோ பிஎச்.டி. முடித்த பிறகு, நோயாளிகளைப் பார்க்க இது செல்லாது என்று தெரிந்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும். ஆய்வுப் பட்டம் வேறு, சிகிச்சை செய்யும் தகுதி வேறு.

அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்துத் தரும் கிளினிக்கல் பிஎச்.டி. உண்டு. சிகிச்சை செய்கிறவர் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும் என்ற அந்த முறை 1949இல் போல்டர் மாநாட்டில் உருவானது. சிகிச்சைப் பயிற்சிக்கே முதலிடம் தரும் சைடி (PsyD) என்ற இன்னொரு முனைவர் பட்டத்துக்கு 1973இல் வேய்ல் மாநாட்டில் ஆதரவு கிடைத்தது. நடைமுறையில் உங்களைத் தொடும் வித்தியாசம் பணம்தான். அங்கே பிஎச்.டி.யில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் வரும். சைடியில் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். பிரிட்டனில் கிளினிக்கல் முனைவர் படிப்பு மூன்று வருடம், அரசு சுகாதாரச் சேவையின் சம்பளத்தோடு வரும் இடங்கள், ஆகவே போட்டி கடுமையாக இருக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளில் ஆய்வுப் பிஎச்.டி. என்பது ஒரு வேலை. காலியிடம் என்று விளம்பரம் வரும், விண்ணப்பித்து, தேர்வானால் சம்பளம். எந்த வழி என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவதுதான் வருடங்களை வீணாக்குகிறது.

கேள்வியை உருவாக்குவது

"சமூக ஊடகமும் மனநலமும்" என்று எழுதி அனுப்புகிறவர்கள் ஏராளம். அது தலைப்பு, கேள்வி இல்லை. "படுத்த பிறகும் கைபேசி பார்க்கிற பதின்ம வயதினருக்குத் தூக்கம் எவ்வளவு குறைகிறது, அடுத்த நாள் மனநிலை மோசமாவதற்கு அந்தத் தூக்கக் குறைவு காரணமா, இல்லை இரவில் பார்த்த விஷயமே காரணமா" என்று எழுதினால், படிக்கிறவருக்கு உடனே யாரை, எதை, எப்படி அளப்பீர்கள் என்று யோசிக்கத் தோன்றும். உங்கள் கேள்விக்கு வரக்கூடிய இரண்டு வெவ்வேறு பதில்களை எழுதிப் பாருங்கள். எந்தப் பதில் வந்தாலும் சுவாரஸ்யமாக இருந்தால் அது நல்ல கேள்வி. ஒரு பதில் வந்தால்தான் ஆய்வு பிழைக்கும் என்றால் கேள்வியை மாற்றுங்கள், ஏனென்றால் தரவு நம் சொல்படி கேட்பதில்லை.

இந்த மாதிரி கேள்வி வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது. ஏதாவது ஒரு ஆய்வகத்தில் ஆறு மாதமாவது உதவியாளராக இருங்கள். பங்கேற்பாளர்களுக்கு போன் போடுவது, பேட்டியை எழுத்தாக்குவது, விடுபட்ட தரவைச் சரிபார்ப்பது என்று சலிப்பான வேலைகள்தான் கிடைக்கும், ஆனால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. பரிந்துரைக் கடிதத்துக்கும் இதுதான் அடிப்படை. வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தார் என்ற கடிதத்தை விட, தரவில் இருந்த ஒரு பிழையைத் தானாகக் கண்டுபிடித்து வந்து சொன்னார் என்ற கடிதம் ரொம்ப தூரம் போகும்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கை பற்றி ஒன்று. நம்மில் பலர் உளவியலுக்கு வருவதே சொந்த வலியிலிருந்துதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வலியை அறிக்கையின் மையத்தில் வைக்காதீர்கள். அமெரிக்க உளவியல் துறைகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் கேட்டு 2006இல் வெளியிட்ட ஆய்வில், விண்ணப்பத்தைக் கெடுக்கும் விஷயங்களில் தன் மனநலப் பிரச்சினைகளை அளவுக்கு மீறி எழுதுவதும் ஒன்றாக வந்தது. இது நியாயமா என்று கேட்டால், இந்தத் துறையிலேயே இப்படி ஒரு தயக்கம் இருப்பது எனக்கு வருத்தம்தான். அது மாறும்வரை, இரண்டு வரியில் சொல்லிவிட்டு மீதி இடத்தை உங்கள் கேள்விக்குக் கொடுங்கள்.

கைடு

ஒருவருடைய சமீபத்திய கட்டுரைகளில் இரண்டு மூன்றை முழுதாகப் படியுங்கள், சுருக்கத்தை மட்டும் இல்லை. பிறகு ஒரு சின்ன மின்னஞ்சல்: நான் யார், உங்கள் இந்தக் கட்டுரையில் இந்த முடிவு எனக்கு இப்படி ஒரு சந்தேகத்தை எழுப்பியது, இந்த வருடம் மாணவர்களை எடுக்கிறீர்களா. மொத்தம் பத்து வரிக்குள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் உண்மையான விசாரணை அவரிடம் இல்லை, அவருடைய மாணவர்களிடம். இப்போது இருப்பவர்களில் இரண்டு பேர், முடித்துவிட்டுப் போனவர் ஒருவர், முடிந்தால் பாதியில் விட்டுப் போனவர் ஒருவர் என்று பேசுங்கள். "அவர் நல்லவரா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு? அவர் சொன்னது தவறு என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா, அப்போது என்ன நடந்தது? கடைசி மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? பதிலை விட, பதில் சொல்வதற்கு முன்னால் வரும் மௌனத்தைக் கவனியுங்கள். நான் கேட்டிருந்தால் எனக்கும் அந்த மௌனம் கேட்டிருக்கும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் என் அனுபவம் மட்டும் இல்லை. பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் கேட்டு லெவெக் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு மனநலக் கோளாறு வரும் அபாயம் இருந்தது. அதோடு தொடர்புடையதாக வந்தவற்றில் கைடின் தலைமைப் பாங்கு ஒன்று, வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவிலான இழுபறி இன்னொன்று.

இன்னொரு விஷயம், உங்கள் தரவை நீங்களே சேகரியுங்கள், அல்லது சேகரிக்கும் இடத்தில் இருங்கள். நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் பேர்பெற்ற சமூக உளவியலாளராக இருந்த டீடெரிக் ஸ்டாபெல், ஆய்வே நடத்தாமல் தரவுகளைப் புனைந்தது 2011இல் வெளியே வந்தது. தான் சேகரித்ததாகச் சொல்லி மாணவர்களுக்கும் அந்தத் தரவைக் கொடுத்திருந்தார். ஒன்றும் அறியாத மாணவர்கள் அதை வைத்து ஆய்வேடு எழுதியிருந்தார்கள். அதைத் துணிந்து வெளியே சொன்னது மூன்று இளம் ஆய்வாளர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "தரவு என்னிடம் இருக்கிறது, நீ எழுதினால் போதும்" என்று யார் சொன்னாலும், மூலக் கோப்பைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால்? சீக்கிரம் மாற்றுங்கள். துறையில் நீங்கள் நம்பும் வேறொரு ஆசிரியரிடம் முதலில் பேசிவிட்டு, என்ன நடந்தது என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, தரவு யாருக்குச் சொந்தம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விலகுங்கள். நான் கடைசியில் சொன்னதை மட்டும் செய்யவில்லை, அதனால்தான் அந்தப் பாதித் தரவு போனது.

உள்ளே போன பிறகு

புள்ளியியலுக்குப் பயந்தே பலர் முதல் வருடத்தை ஓட்டுகிறார்கள். மொத்தமாகக் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள். உங்கள் கேள்விக்கு என்ன பகுப்பாய்வு வேண்டுமோ அதை மட்டும் எடுத்து, கற்பனையாக ஒரு தரவை நீங்களே உருவாக்கி, ஆர் (R), ஜாஸ்ப் (JASP) போன்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். தரவு வருவதற்கு முன்பே பகுப்பாய்வை எழுதி முடித்துவிட்டால், எத்தனை பேர் வேண்டும், எந்தக் கேள்வி தேவையில்லை என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அதையே முன்பதிவும் செய்துவிடுங்கள், அதாவது தரவு வருவதற்கு முன்பே உங்கள் திட்டத்தைத் தேதியோடு ஒரு பொதுத் தளத்தில் பதிந்து வையுங்கள். முடிவு வந்த பிறகு திட்டத்தை வளைக்காமல் இருக்க அது உதவும். வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய முயற்சியின் முடிவு 2015இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாக முக்கியத்துவம் உள்ள (வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத) முடிவைக் காட்டியிருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. எனவே ஏற்கெனவே வெளியான ஒரு முடிவின் மேல் உங்கள் ஆய்வு முழுவதையும் கட்டுவதற்கு முன்னால், அந்த முடிவு உங்கள் கையிலும் வருகிறதா என்று ஒரு சின்ன ஆய்வு செய்து பார்த்துவிடுங்கள்.

உண்மையில் காலத்தைத் தின்பது புள்ளியியல் இல்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதி, பள்ளியின் அனுமதி, மருத்துவமனையின் அனுமதி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத பங்கேற்பாளர்கள், இவைதான். மனநிலை போன்றவற்றை அளக்க வேறு மொழியில் உள்ள கேள்வித்தாளை எடுத்தால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திரும்ப மூல மொழிக்கு மாற்றிப் பார்த்து, முப்பது பேரிடமாவது சோதித்து என்று மாதங்கள் போய்விடும். நெறிமுறை விண்ணப்பத்தை நீங்கள் தயார் என்று நினைப்பதற்கு முன்பே எழுதத் தொடங்குங்கள்.

நாம் போடும் கணக்கு தப்பும் என்பதற்கு நம் துறையிலேயே சான்று இருக்கிறது. பூலர், கிரிஃபின், ராஸ் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை உளவியல் மாணவர்களிடம் அவர்களுடைய இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதனால் உங்கள் மனக்கணக்கை நம்பாதீர்கள், அதே ஆய்வகத்தில் முன்னால் முடித்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டமும் எத்தனை மாதம் ஆனது என்று கேட்டு அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

எனக்கு இதற்கெல்லாம் தகுதி இல்லை, எப்போது மாட்டிக்கொள்ளப் போகிறேனோ என்ற பயம் பலருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் வரும். கிளான்ஸ், ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978இல் இதற்கு 'இம்போஸ்டர்', அதாவது வேடமிட்டு ஏமாற்றுகிறவர், என்ற பொருளில் பெயரிட்டே எழுதிவிட்டார்கள். ஆனால் பெயர் தெரிவதால் பயம் போவதில்லை, நமக்கு எல்லாப் பெயரும் தெரியும் என்பதே இங்கே பிரச்சினை. தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, வாரக்கணக்கில் கோப்பையே திறக்க முடியவில்லை என்றால் உதவிக்குப் போங்கள், உங்கள் துறையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் போங்கள். உங்களுக்குப் பாடம் எடுப்பவரும் உங்களை மதிப்பிடுகிறவரும் உங்கள் சிகிச்சையாளராக இருக்கக் கூடாது. கிளினிக்கல் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். பகல் முழுக்க மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுவிட்டு இரவில் ஆய்வேடு எழுத முடியும் என்று திட்டம் போடாதீர்கள். வாரத்தில் நோயாளிகள் இல்லாத ஒரு காலை நேரத்தை எழுதுவதற்கென்று கேட்டு வாங்குங்கள்.

எழுதி முடிப்பது

முன்னுரையில் தொடங்காதீர்கள். தரவு வந்துகொண்டிருக்கும்போதே ஆய்வு முறை அத்தியாயத்தை எழுதுங்கள், என்ன செய்தோம் என்பது அப்போதுதான் நினைவில் இருக்கும். அடுத்து முடிவுகள். இலக்கிய மீளாய்வைக் கடைசியில் மறுபடி எழுதத்தான் போகிறீர்கள், அதனால் முதல் வருடத்தில் அதைச் செதுக்கிக்கொண்டு இருக்க வேண்டாம். கைடிடம் முழு ஆய்வேட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் அது மேசையில்தான் கிடக்கும், பத்துப் பத்துப் பக்கமாகக் கொடுங்கள்.

வாய்மொழித் தேர்வில் கேட்பது பெரும்பாலும் ஏன் இதைச் செய்தீர்கள், ஏன் அதைச் செய்யவில்லை என்பதுதான். உங்கள் ஆய்வின் மூன்று பெரிய குறைகளை நீங்களே எழுதி, ஒவ்வொன்றும் முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும் என்று சொல்லப் பழகுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லலாம், அதை எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கூடவே சொன்னால் போதும். திருத்தங்கள் நிச்சயம் வரும். தேர்வாளர் சொன்னது ஒரு நெடுவரிசையில், நீங்கள் செய்தது அடுத்த நெடுவரிசையில், பக்க எண்ணோடு ஒரு அட்டவணை போட்டு, சூடு ஆறுவதற்குள் அந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.