மனப்பாடமான வசனம் காதில் விழாது: குறும்பட மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்கள் தங்கள் குறும்படத்தோடு சேர்த்துத் தரும் ‘நிறை, குறை’ அறிக்கைகள் இந்த மாதம் 14 வந்தன. பாதிக்கு மேல் ஒரே வரி: ‘நேரமும் பணமும் போதவில்லை.’ என் முதல் படத்துக்கு நானும் அதைத்தான் எழுதினேன். படிக்கப் படிக்க ஆற்றாமையாக இருக்கிறது.

ஃபோகஸ் தவறியது, டியூப்லைட் துடித்தது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவை உங்கள் கண்ணிலேயே படும். (நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் துடிப்பு அடங்கிவிடும்.)

சொந்தக் காதை நம்புவது

என் படம் 8 நிமிடம். சமையலறையில் அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், “வீட்டை விற்றுவிட்டோம்” என்று மகனிடம் சொல்கிறாள் அம்மா. படத்தின் உயிரே அந்த வரிதான். கேமராவில் பொருத்திய மைக் அவளிடமிருந்து பத்தடி தள்ளி இருந்தது. குழாய் ஓடியது, கூடத்தில் மின்விசிறி சுற்றியது. எடிட்டிங்கில் எத்தனையோ முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் வரி தெளிவாகத்தான் கேட்டது. ‘இயல்பான ஒலி’ என்று நிறைகளில் முதலாவதாக எழுதினேன்.

அரங்கில் படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். “பையன் ஏன் அழுகிறான்?” என்றார். அந்த வரி யார் காதிலும் விழவில்லை. எனக்கு மட்டும் கேட்டது, அதை எழுதியவன் நான் என்பதால்.

பிறகு டப்பிங் செய்தோம். நடித்தவர் ஊருக்குப் போய்விட்டதால் வேறு குரல். முதுகுதான் தெரிகிறது, உதடு ஒட்டுமா என்ற கவலை இல்லை. ஆனால் மைக் முன் நிமிர்ந்து நின்று பேசிய குரலில், குனிந்து அரிசி களைபவளின் மூச்சு இல்லை. யாரும் பேசாத அந்த அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதிந்து வைத்திருந்தால் அடியில் பரப்பியிருக்கலாம். அதுவும் இல்லாததால் அந்த வரி வரும்போதெல்லாம் பின்னணி அறுந்து பள்ளம் விழுந்தது. அன்றைக்குக் குழாயை மூடி, ஒரு போனில் பதிவை ஓடவிட்டு, ஃபிரேமுக்கு வெளியே அரிசிப் பாத்திரத்தின் அருகில் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

இந்த மாதம் வந்த ஒரு படத்திலும் இதே கதை. பேருந்து நிறுத்தத்தில் அப்பா பேசுவதை லாரி இரைச்சல் விழுங்கிவிட்டது. அறிக்கையோ ‘உயிரோட்டமான சூழல் ஒலி’ என்று தொடங்குகிறது. தயவுசெய்து, நடிகர்கள் ஊரில் இருக்கும்போதே, திரைக்கதையைப் படிக்காத ஒருவரை ஸ்பீக்கர் முன் உட்காரவைத்து வசனங்களை எழுதச் சொல்லுங்கள். ஹெட்போன் வேண்டாம்.

நோக்கத்தை நிறையாக எழுதுவது

‘தனிமையைக் காட்ட நீல ஒளி வைத்தேன்.’ பார்த்தவர் அதை இரவு என்று எடுத்துக்கொண்டால் படத்தில் இருப்பது இரவுதான்.

கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டைக் காப்பாற்றுவது

விடியற்காலை 4 மணிக்கு எழுந்தது திரையில் தெரியாது. எங்கே வெட்டுவது என்பதற்கு எடிட்டர் வால்டர் மர்ச் வகுத்த 6 அளவுகோல்களில் உணர்ச்சிக்கே 51 சதவீதம். பட்ட பாட்டுக்கு அதில் இடமில்லை.

‘பணம் போதவில்லை’

எழுதாதீர்கள்.

நண்பரிடம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது

‘நன்றாக இருக்கிறது’ என்பார். கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் திணறும் இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டு, குறையை அந்த எண்ணோடு எழுதுங்கள்: ‘5:40. மகன் அழும் காரணம் கேட்கவில்லை. மைக் பத்தடி தள்ளி இருந்தது. குழாயை மூடவில்லை.’