நாடோடி நாயகனை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்பின் தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அங்கே நடக்கும் அக்கிரமத்தைத் தட்டிக்கேட்டு, வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடும் நாயகனை வாசகர்கள் விரும்புவது அவனுடைய புஜபலத்துக்காகத்தான் என்று நினைப்பதே, த்ரில்லர் எழுத வருபவர்கள் செய்யும் முதல் தவறு. பலசாலிகள் எல்லா வகைக் கதைகளிலும் இருக்கிறார்கள். மாதத் தவணையும் மேலதிகாரியும் இல்லாத வாழ்க்கை இவனுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சியில் வேலை இழந்த பிறகு எழுத வந்த லீ சைல்ட், 1997இல் வெளியான 'கில்லிங் ஃப்ளோர்' நாவலில் அறிமுகப்படுத்திய ஜாக் ரீச்சருக்கு வேலையே கிடையாது என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அவன் அலைவதற்கு ஒரு சோகக்கதையைக் காரணமாக்குவதும் தவறுதான். ராணுவ முகாம்களிலேயே வளர்ந்து, ராணுவப் போலீஸில் மேஜராக இருந்து விலகிய ரீச்சர், தன் நாட்டைச் சாவகாசமாகப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் அலைகிறான். மனைவி கொல்லப்பட்ட துக்கத்தில் அலைகிறான் என்று எழுதிவிட்டால் அலைச்சல் ஒரு நோயாகிவிடும். அது எப்போது குணமாகும் என்றுதான் வாசகர் காத்திருப்பார். அவனுடைய சுதந்திரத்தையும் வெறும் சொல்லாக விட்டுவிடக் கூடாது. மடக்குப் பல்துலக்கி ஒன்றை பாக்கெட்டில் வைத்திருப்பதும், துணி அழுக்கானால் துவைக்காமல் மலிவாகப் புதிது வாங்கிக்கொண்டு பழையதை எறிவதும் ரீச்சரின் வாழ்க்கையை நம்பவைக்கின்றன. 2001க்குப் பிறகு அமெரிக்காவில் பாதுகாப்புக் கெடுபிடிகள் கூடியதும், ஒரு ஏடிஎம் அட்டையும் காலாவதியான பாஸ்போர்ட்டும் அவன் பாக்கெட்டுக்கு வந்துசேர்ந்தன.

பலர் சறுக்கும் இடம், எங்கும் தங்காதவன் இந்த ஊரில் மட்டும் ஏன் தங்குகிறான் என்ற கேள்வி. நியாய உணர்வு என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். 'கில்லிங் ஃப்ளோர்' நாவலில், ஜார்ஜியா மாநிலத்தின் மார்கிரேவ் என்ற சிற்றூரில், பிளைண்ட் பிளேக் என்ற பழைய ப்ளூஸ் கிட்டார் கலைஞரின் நினைவால் மனம்போன போக்கில் இறங்கும் ரீச்சர், காலையுணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கொலைக் குற்றத்துக்காகக் கைதாகிறான். ஆகவே அவன் நினைத்தாலும் கிளம்ப முடியாது. பிறகு, இறந்தவன் தன் சொந்த அண்ணன் என்று தெரியவருகிறது (இது நாவலின் முற்பகுதியிலேயே வெளிப்பட்டுவிடுவதால் சொல்லலாம்). அதன்பின் கிளம்பலாம் என்றாலும் அவனுக்கு மனம் வராது. போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கவும் வழியில்லை, ஏனெனில் போலீஸ் தலைவரே அவனுக்கு எதிராகப் பொய் சொல்கிறார்.

ஊரைச் சண்டைக்கான மேடையாக மட்டும் எழுதினால் கதை நிற்காது. மார்கிரேவில் வாடிக்கையாளர்களே வராத கடைகள்கூடப் பளபளவென்று இருக்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம் வாசகரைப் பிடித்துக்கொள்கிறது. நாயகன் ஆறடி ஐந்தங்குலம் இருந்தாலும், அடிப்பதற்கு முன் அவன் போடும் கணக்கை எழுதாவிட்டால் சண்டை சலித்துவிடும். கடைசி அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து உட்காரவைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மார்கிரேவில் அவனை நேசித்த பெண் போலீஸ் அதிகாரி ரோஸ்கோவைக்கூட விட்டுவிட்டுத்தான் ரீச்சர் புறப்படுகிறான்.